ஆறாவது கார்

ஆறு கார்களை ஒரே வண்டி போல நடத்திக்கொண்டு போகத் தெரிந்தவர் என்று கவின்ராஜுக்கு மைசூரில் பெயர். முதல் காரில் அவர் இருப்பார், கைக்கெட்டும் தூரத்தில் வாக்கி-டாக்கி. பின்னால் வரும் ஐந்து கார்களையும் ஓட்டுவது சுற்றுலா வந்த மைசூர்க்காரர்களே. பல் டாக்டர், மருந்துக்கடைக்காரர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி என்று அவரவர் குடும்பத்தோடு, அவரவர் கையில் ஸ்டியரிங். "நான் தாண்டிட்டேனுங்க. ரெண்டு வாங்க. மூணு வாங்க..." என்று அவர் குரல் எல்லாக் கார்களிலும் ஒரே சமயத்தில் ஒலிக்கும். ஆறாவது கார் "தாண்டியாச்சு" என்று சொன்ன பிறகுதான் வேகத்தைக் கூட்டுவார். இந்த ஏற்பாட்டுக்கு அவர் வைத்த பெயர் செயின். ஒன்பது ஆண்டுகளில், நான்கு நாடுகளில், செயின் ஒருமுறைகூட அறுந்ததில்லை.

கடந்த மார்ச் மாதம் நியூசிலாந்தில் அறுந்தது. ஆகஸ்டில் அதைப் பற்றி அவரிடம் ஒரு கடிதம் கேட்டார்கள். அரைப் பக்கம் போதும். எழுதினால் ஒரு தாய் தன் மகளின் பிரசவத்துக்கு நேரத்தில் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. எழுதினால் கவின்ராஜின் வேலை போவதும் ஏறக்குறைய நிச்சயம்.

அவருக்கு வயது நாற்பத்திரண்டு. பிறந்தது ஹனூர் பக்கத்தில், கல்குவாரி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பம். பத்து வயதில் மைசூர். பத்தொன்பதில் தொட்டையன் என்பவரிடம் வேன் டிரைவராகச் சேர்ந்தார். அமாவாசைக்கு அமாவாசை மாதேஸ்வரன் மலைக்கு ஐந்து வேன்களில் பக்தர்களை ஏற்றிப் போவது வேலை. காட்டு வழியில் யானை நடமாட்டம் உண்டு, பல இடங்களில் போன் எடுக்காது. ஐந்து வேன்களும் ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டிக்கொண்டு போகவேண்டும்.

இருபத்திரண்டு வயதில் ஒரு நாள் முதல் வேனை ஓட்டியவர் அவர். மலையடிவாரத்தில் ஒரு லாரியை முந்திக்கொண்டு நான்கு வேன்கள் போய்விட்டன. கடைசி வேன் லாரிக்குப் பின்னால் மாட்டி, வழி தவறி, பாலாறு சாலையில் இறங்கி கோபிநத்தம் பக்கம் போய் எஞ்சின் சூடேறி நின்றுவிட்டது. பதினான்கு பேர், அதில் கைக்குழந்தைகள் இரண்டு, தண்ணீர் இல்லாமல் மதியம் வரை காட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கோயில் வாசலில், பக்தர்கள் எல்லோரும் பார்க்க, தொட்டையன் அவரைக் கன்னத்தில் அறைந்தார்.

"முன்னாடி போறவன் முன்னாடி பார்த்தா போதும்னு நெனச்சியா? கண்ணாடில கடைசி வண்டி தெரியலைன்னா நீ ஓட்டவே கூடாது."

அன்றிலிருந்து கவின்ராஜின் கண் பாதி நேரம் கண்ணாடியில்தான். சிக்னல் வந்தால் தன் வண்டியைக் குறுக்காக நிறுத்தி, ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி மற்ற வண்டிகளைத் தடுத்து, தன் ஆட்கள் எல்லோரும் தாண்டும்வரை பிடித்து வைத்திருப்பார். விளக்கு என்ன நிறத்தில் இருந்தாலும் கவலையில்லை. திட்டுகிறவர்கள் திட்டுவார்கள், செயின் போய்ச் சேரும்.

இந்தத் திறமையைக் கண்டுபிடித்தவர் பவன். மைசூரிலேயே மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ், வாயில் பாதிக்கு மேல் கன்னடம். குவெம்புநகரில் ஒரு பேக்கரிக்கு மாடியில் அவருடைய டிராவல்ஸ். பஸ்ஸில் உட்கார வைத்து ஊர் சுற்றிக் காட்டும் டூர்கள் நிறைய இருக்க, 'நீங்களே ஓட்டுங்கள், வழி நாங்கள் காட்டுகிறோம்' என்று அவர் ஆரம்பித்தது நன்றாகப் பிடித்துக்கொண்டது. நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டும் நாடு என்பதால் நியூசிலாந்துக்குத்தான் கூட்டம் அதிகம்.

அங்கே விதிகள் கண்டிப்பானவை. பின் இருக்கையில் இருப்பவருக்கும் பெல்ட் கட்டாயம். மஞ்சள் கோட்டைத் தாண்டி முந்தக் கூடாது. ஆளில்லாத சாலையிலும் 'நில்' என்ற பலகை இருந்தால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். மெதுவாகப் போகிறவர்கள் ஓரங்கட்டிப் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிட வேண்டும். ஒழுங்காக ஓட்டாத டூரிஸ்ட்டைப் பற்றி யார் வேண்டுமானாலும் போலீசுக்குப் போன் செய்யலாம், செய்கிறார்கள்.

ஒருவர் தனியாகக் கார் எடுத்துப் போனால் இதெல்லாம் பெரிய விஷயமில்லை. ஆறு கார்கள் ஒன்றாகப் போனால் ஒவ்வொரு விதியும் ஒரு கத்தரிக்கோல். வழிவிட ஓரங்கட்டினால் இரண்டு கார் முன்னால், நான்கு கார் பின்னால் என்றாகிவிடும். நடுவில் உள்ளூர் வண்டிகள் புகுந்துகொள்ளும். இதற்குக் கவின்ராஜ் கண்ட வழி, கார்களுக்கிடையே இடைவெளியைக் குறைப்பது. ஒருமுறை ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி, சிரித்த முகத்தோடு, இடைவெளி விட்டு ஓட்டச் சொன்னார். கவின்ராஜும் சிரித்தார், தலையாட்டினார். பத்து கிலோமீட்டர் தாண்டியதும் வாக்கி-டாக்கியில், "கிட்ட வாங்க, கிட்ட வாங்க" என்றார்.

மார்ச் மாதக் குழுவில் ஆறாவது கார் ஜயம்மாவுடையது. அறுபத்தொரு வயது. மேல்கோட்டைப் பூர்வீகம், வீடு சரஸ்வதிபுரம், வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பத்தைந்து வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர் என்பதால் விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பார். டூருக்கு முன்பே நியூசிலாந்தின் சாலை விதிப் புத்தகத்தைத் தரவிறக்கிக் கோடு போட்டுப் படித்துவிட்டார். கணவர் ரங்கு, ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர், ஓட்டத் தெரியாது. பக்கத்து இருக்கையில் முறுக்கு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வேகம் எவ்வளவு என்று படித்துச் சொல்வது அவர் வேலை. மகள் மேதா ஆக்லாந்தில் இருக்கிறார். டூர் முடிந்ததும் அவரிடம் பத்து நாள் தங்கிவிட்டு வருவதாகத் திட்டம்.

கடைசிக் கார் ஓட்டுகிறவர் நிதானமானவராக இருக்க வேண்டும் என்று ஜயம்மாவைத் தேர்ந்தெடுத்ததே கவின்ராஜ்தான்.

தெற்குத் தீவின் மேற்குக் கரையில் ஒற்றை வழிப் பாலங்கள் பல உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போகமுடியும். பாலத்தின் முன்னால் ஒரு பலகை இருக்கும். நம் பக்கத்து அம்பு சிவப்பாக, சிறிதாக இருந்தால் எதிரில் வருகிறவருக்குத்தான் முதல் உரிமை, நாம் காத்திருக்க வேண்டும். அன்று காலை பதினொரு மணிக்கு அவர்கள் போய்ச் சேர்ந்த பாலத்தில் சிவப்பு அம்பு அவர்கள் பக்கம். எதிரில் யாருமில்லை. கவின்ராஜ் தாண்டினார். தொடர்ந்து நான்கு கார்கள். அக்கரையில் சாலை வளைந்து மரங்களுக்குள் போனது. வளைவு தாண்டி ஓரமாக நிறுத்திக்கொண்டார்கள். அங்கிருந்து பார்த்தால் பாலம் தெரியாது.

"ஆறு வாங்க" என்றார் கவின்ராஜ்.

"கவின், சிவப்பு அம்பு நமக்குன்னா போட்டிருக்கா" என்றது ஜயம்மாவின் குரல். "அந்தப் பக்கம் ஏதோ பெரிய வண்டி வராப்பல இருக்கு. நான் நின்னுக்கறேன்."

"நாங்க அஞ்சு பேரும் இப்பத்தான் தாண்டினோமுங்கம்மா. காலியாத்தான் இருக்குது. வாங்க, செயினை அறுக்காதீங்க."

"நிஜமாத்தானே?" என்று கேட்டார் ஜயம்மா.

"வாங்கம்மா, நான் இருக்கேன்."

வளைவுக்கும் பாலத்துக்கும் நடுவே இருந்த ஒரு பண்ணைப் பாதையிலிருந்து வந்துகொண்டிருந்தது ஒரு பால் டேங்கர். ஐந்து கார்கள் இறங்கும்வரை, உரிமை தன்னுடையதாக இருந்தும், அதன் டிரைவர் காத்திருந்தார். வரிசை முடிந்தது என்று நினைத்துப் பாலத்தில் ஏறினார். நடுவில் மேடாக இருந்த அந்தப் பாலத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபோது தூரம் போதவில்லை. டேங்கர் பிரேக் பிடித்து, திரும்பி, கம்பித் தடுப்பில் இடித்தது. ஜயம்மாவின் காரும் தடுப்பை உரசிக்கொண்டு நின்றது. அவருக்கும் ரங்குவுக்கும் கீறல்கூட இல்லை. டேங்கர் டிரைவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்து, உங்களுக்கு ஒன்றுமில்லையே என்று அவர்தான் முதலில் கேட்டார்.

போலீஸ் வந்தது. ஜயம்மாவை ஊதச் சொன்னார்கள், லைசென்சை வாங்கிக்கொண்டார்கள். முன்னால் போன கார்களில் யாராவது பார்த்தார்களா என்று கேட்டார்கள்.

"நான் முன்னால் போய்விட்டேன், பார்க்கவில்லை" என்றார் கவின்ராஜ், தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். அது உண்மை. வாக்கி-டாக்கியைப் பற்றி அவர்கள் கேட்கவில்லை. அவர் சொல்லவில்லை. இரண்டடி தள்ளி நின்ற ஜயம்மாவும் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்துப் பக்கத்து ஊர் கோர்ட்டில் ஆஜராக வேண்டும் என்றார்கள். குழுவின் அன்றைய ஓட்டல், மறுநாள் படகு, அடுத்த நாள் இன்னொரு ஊர் எல்லாம் பதிவாகியிருந்தன. மற்ற ஐந்து கார்களில் பதினான்கு பேர். பவன் மைசூரிலிருந்து போனில், "அவங்க பொண்ணு வர்றாங்கல்ல? நீ குரூப்பை நகர்த்து" என்றார். கவின்ராஜ் நகர்த்தினார். சாலையோர மோட்டல் ஒன்றின் வாசலில் இரண்டு பெட்டிகளோடும் முறுக்கு டப்பாவோடும் ரங்குவும் ஜயம்மாவும் நின்றது கண்ணாடியில் சிறிதாகிக்கொண்டே போனது. அன்று முழுக்க அவர் வாக்கி-டாக்கியில் ஐந்துவரைதான் எண்ணினார். ஐந்தாவது கார் "தாண்டியாச்சு" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அடுத்த குரலுக்காக ஒரு நொடி காத்திருந்தார்.

ஜயம்மா கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கவனக்குறைவாக ஓட்டி ஒருவருக்குக் காயம் உண்டாக்கியது என்று பதிவானது. அபராதம், அந்த நாட்டில் ஆறு மாதம் வண்டி ஓட்டத் தடை. மகள் வீட்டில் பத்து நாள் தங்காமல் இரண்டே நாளில் ஊர் திரும்பினார்.

மைசூரில் செய்தி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. "ஆன்ட்டியைக் கோர்ட்டுல விட்டுட்டு வந்த டூரா?" என்று பேக்கரியிலேயே கேட்டார்கள். அடுத்த குழுவில் பாதிப் பேர் கார் வேண்டாம், பஸ்ஸே போதும் என்று மாறிக்கொண்டார்கள். ஒரு பல் டாக்டர் வாட்ஸப் குழுவில், "ஹாலிடேக்குப் போறதா, எக்ஸாமுக்குப் போறதா?" என்று எழுத, முப்பது பேர் சிரித்து வைத்தார்கள். கார் வாடகைக்குத் தரும் நியூசிலாந்து நிறுவனம் இனி ஒரே குழுவுக்கு மூன்று கார்களுக்கு மேல் கிடையாது என்று எழுதிவிட்டது. நவம்பர் குழு ஒன்றுதான் கையில் மிச்சம்.

ஆகஸ்ட் இரண்டாம் வாரம் ஜயம்மா போன் செய்தார். "ஒரு நடை ஆத்துக்கு வரமுடியுமா, கவின்?"

மார்ச்சுக்குப் பிறகு அவர்கள் சந்திப்பது அதுதான் முதல் முறை. கூடத்து மேஜையில் மேதா போன் திரையில் இருந்தார். ஏழாவது மாதம், ரத்த அழுத்தம் ஏறி, படுக்கையில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். ஜயம்மா விசா கேட்டு விண்ணப்பித்திருந்தார். தண்டனை ஏதும் உண்டா என்ற கேள்விக்கு உண்மையைச் சொல்லியிருந்தார். சம்பவம் எப்படி நடந்தது, ஆதாரம் இருந்தால் இணைக்கவும், பதினான்கு நாள் அவகாசம் என்று பதில் வந்திருந்தது.

"அங்கிள், நீங்க 'வாங்க'ன்னு சொன்னதை அம்மா எங்கிட்ட மட்டும்தான் சொன்னா" என்றார் மேதா. "போலீஸ்கிட்ட சொல்லலை. நானா இருந்தா சொல்லியிருப்பேன்."

"மேதா, நீ சும்மா இரு" என்றார் ஜயம்மா. பிறகு கவின்ராஜிடம், "உங்களுக்குக் கஷ்டம்னா வேண்டாம். நடந்தது நடந்தபடி ஒரு அரைப் பக்கம். அவ்வளவுதான் கேக்கறேன்."

"அன்னைக்கு ஏனுங்கம்மா நீங்க சொல்லலை?"

"சொல்லியிருந்தா உங்களையும் நிறுத்தியிருப்பா. பதினாலு பேரும் நடுரோட்டுல நின்னிருப்பா. அப்ப அதுதான் தோணித்து."

ரங்கு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பவன் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "சொல்ப யோசனை பண்ணு, கவின். அந்த நாட்டுச் சட்டத்துல வண்டி ஓட்டினவங்கதான் பொறுப்பு. முன்னாடி போனவன் என்ன சொன்னான்னு யாரும் கேக்க மாட்டான். உன் லெட்டரால அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது. நமக்கு எல்லாம் ஆகும். 'நான்தான் வரச் சொன்னேன்'னு நீ கையெழுத்துப் போட்டா வாடகைக் கம்பெனி நமக்கு ஒரு கார்கூடக் கொடுக்காது. உனக்கு அடுத்த விசாவே சந்தேகம். விசா இல்லாத டூர் லீடரை நான் என்ன பண்றது? நவம்பர் குரூப்பை நீயா நடத்தறே, இல்லை நான் வேற ஆளைப் பாக்கட்டுமா?"

"நடந்ததைத்தானே கேக்கறாங்க."

"நடந்ததை அவங்க கோர்ட்டுலயே ஒத்துக்கிட்டாங்க அல்லவா? முடிஞ்சுது. பிடு, விட்டுத் தள்ளு."

கவின்ராஜின் மனைவி ஸ்ரீதேவி ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். சுற்றி வளைத்துப் பேசுகிறவர் அல்ல. விஷயத்தைக் கேட்டதும் கோபம்தான் வந்தது.

"இத்தனை மாசம் கழிச்சு நல்லவனாகணும்னு தோணுதா? மார்ச்சுலயே வாயைத் திறந்திருந்தா வேலையும் போயிருக்கும், அந்தம்மா பேர்ல இவ்வளவும் வந்திருக்காது. இப்ப எழுதினா வேலை மட்டுந்தான் போகும். அந்தம்மாவுக்கு என்ன ஆகும்னு யாருக்குத் தெரியும்?"

கவின்ராஜுக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் ஓடியது. ஜயம்மா மறுபடி கூப்பிடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நவம்பர் குழுவின் ஒத்திகை. வெளிநாட்டு டூருக்கு முன்னால் வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்தக் கார்களில் கொள்ளேகால் வரை வரிசையாகப் போய்வருவது வழக்கம். செயின் பழக்குவதற்கு. இந்த முறை பவன் புதிதாகச் சொல்லியிருந்தார். மூன்று மூன்று கார்களாகப் பிரிக்க வேண்டும். விதிப்படி ஓட்டச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதற்காக யாரும் வழி தவறிவிடவும் கூடாது.

டி.நரசிபுரம் சாலை ரிங் ரோட்டைக் கடக்கும் சிக்னலில், ஒன்பது வருடமாகக் கவின்ராஜ் வண்டியைக் குறுக்கே நிறுத்திக் கையை நீட்டும் அதே இடத்தில், அவர் கார் தாண்டியதும் விளக்கு மாறியது. வாக்கி-டாக்கியில் ஹேமந்த் என்ற சாப்ட்வேர் இளைஞனின் குரல்.

"அண்ணா, ரெட் ஆய்த்து. யாரும் இல்லை. வரட்டா?"

வா என்ற சொல் வாய்க்குள் தயாராக இருந்தது. கவின்ராஜ் பொத்தானை அழுத்திவிட்டார். எல்லாக் கார்களிலும் அவருடைய மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணா? கேக்குதா? வரட்டா, பேடவா? வேண்டாமா?"

அவர் பொத்தானை விட்டார். ஹேமந்த் பொறுத்துப் பார்த்துவிட்டு அவனாகவே வந்தான். குறுக்கே வந்த ஒரு ஆட்டோ அலறிக்கொண்டு நின்றது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து ஹேமந்தின் பரம்பரையையே விசாரித்தார். பின்னாலிருந்த இரண்டு கார்கள் நின்றுவிட்டன. அவற்றில் ஒன்று வழி தவறி பன்னூர் சாலையில் போய்விட்டது. டி.நரசிபுரத்தில் காபி குடிக்க ஒன்று சேர்ந்தபோது ஆளாளுக்குப் பேசினார்கள்.

"நீங்க எதுக்கு சார் லீடர்? கேட்டா பதில் சொல்லணும்ல?" என்றார் பன்னூர் போய்வந்த மருந்துக்கடைக்காரர்.

"அண்ணா சொல்லலைன்னா நான் என்ன பண்றது? அதனாலதான் வந்துட்டேன்" என்றான் ஹேமந்த். "நீங்க நில்லுன்னு சொல்லியிருந்தா நின்னிருப்பேன். நிஜமா."

கவின்ராஜ் காபித் தம்ளரைக் கீழே வைத்தார். ஹேமந்துக்கு முப்பது வயது. தினமும் இதே ஊரில் ஓட்டுகிறவன். சிவப்பு விளக்கு அவன் கண்ணெதிரே இருந்தது. ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்கிறான். முன்னால் ஒருவர் இருந்துவிட்டால் பின்னால் வருகிறவர்கள் தங்கள் கண்ணை அவரிடம் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுக்கச் சொல்லித்தான் இத்தனை வருடமாக இதே சாலையில் ஒத்திகை நடத்தியிருக்கிறார். அன்று பாலத்தின் முன்னால் கண்ணைக் கொடுக்காமல் நின்றது ஜயம்மா ஒருவர்தான். அவரையும் விடவில்லை.

அன்று மாலையே எழுதினார். அவர் தமிழில் சொல்ல, ஸ்ரீதேவி தொழிற்சாலையில் பழகிய ஆங்கிலத்தில் கம்ப்யூட்டரில் தட்டினார். கோபம் தீரவில்லை. ஆனாலும் எழுத்துப் பிழை இல்லாமல் தட்டினார். மறுநாள் சரஸ்வதிபுரம் போனார் கவின்ராஜ். ஜயம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வங்கியில் கடன் விண்ணப்பம் படித்த அதே தோரணையில், பேனாவோடு படித்தார்.

கடிதத்தில் நடந்தது வரிசையாக இருந்தது. சிவப்பு அம்பைப் பார்த்து ஜயம்மா நிறுத்தியது. எதிரே வண்டி வருகிறது என்று சொன்னது. பாலம் கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து, காலியாக இருக்கிறது என்று தான் சொன்னது. இரண்டு முறை வரச் சொன்னது. போலீசிடம் இதை மறைத்தது. கடைசி வரி: 'அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.'

ஜயம்மா அந்த வரியை மட்டும் அடித்தார்.

"இது பொய்" என்றார். "வழி இருந்தது. பிரேக் என் காலுக்குக் கீழதான் இருந்தது."

"அம்மா, அந்த வரி இருந்தாத்தான் விசா..."

"விசாவுக்காகப் பொய் எழுதறதுக்கா உங்களைக் கூப்பிட்டேன்?"

ஜன்னல் பக்கமிருந்து ரங்கு திரும்பினார். அத்தனை மாதங்களில் அவர் அதைப் பற்றிப் பேசுவது அப்போதுதான் முதல் முறை.

"நானும் சொன்னேன், ஜயா. 'அவன்தான் கூப்பிடறானே, போயேன்'னு சொன்னேன். முறுக்கு வேற வாயில. அதையும் எழுதச் சொல்லு."

ஜயம்மா இருவரையும் பார்த்தார். "எல்லாரும் சொன்னேள். சரி. போனது நான்." பேனாவை மூடினார். "உங்க கையெழுத்தை இங்க போடுங்கோ, கவின்."

அடித்த வரியோடு அனுப்ப முடியாது என்பதால் ஸ்ரீதேவியிடம் போனில் சொல்லிப் புதிதாக அச்செடுத்தார்கள். கவின்ராஜ் கையெழுத்துப் போட்டார். வீட்டை விட்டு இறங்கும்போதே பவனுக்குப் போன் செய்து தானே சொல்லிவிட்டார். பவன் கத்தவில்லை. "ஆய்த்து, கவின். முடிஞ்சுது" என்றார். அரை மணி நேரத்தில் நவம்பர் குழுவின் வாட்ஸப்பிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது.

விசா அலுவலகத்திலிருந்து பதில் வர ஐந்து வாரம் ஆனது. கடிதம் உதவியதா என்று யாருக்கும் தெரியாது. ஆராய்ந்தோம், அனுமதிக்கிறோம் என்பதற்கு மேல் அதில் ஒரு சொல் இல்லை. அதற்குள் மேதாவுக்கு ரத்த அழுத்தம் ஏறி, மூன்று வாரம் முன்னதாகவே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை, எடை குறைவு. மேதா இரண்டு நாள் தீவிர சிகிச்சையில் இருந்தார். ஜயம்மா அந்த இரண்டு நாளும் சரஸ்வதிபுரத்தில் போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குப் பத்தொன்பது நாள்.

கவின்ராஜ் இப்போது மறுபடி மாதேஸ்வரன் மலைக்கு வேன் ஓட்டுகிறார். தொட்டையன் இல்லை, வேன்கள் அவர் மருமகனுடையவை. ஐந்து வண்டிகள், பழைய பாதை. யானை இன்னும் இருக்கிறது, பல இடங்களில் போன் இன்னும் எடுப்பதில்லை. அங்கே செயின் இன்றும் தேவை. சிக்னலில் மட்டும் கையை நீட்டுவதில்லை. தாண்டியபின் ஓரமாக நின்று மற்றவர்களுக்காகக் காத்திருக்கிறார். வேனில் இருப்பவர்கள், "என்னங்க, கல்யாண ஊர்வலமா?" என்று கேட்கிறார்கள்.

ஐப்பசி அமாவாசை அன்று காலை, ஹனூர் தாண்டி ஒரு டீக்கடையில் வேன்கள் நின்றிருந்தபோது, அவர் போனுக்கு ஒரு குரல் செய்தி வந்தது. ஜயம்மா. பின்னணியில் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"கவின், சௌக்கியமா? குழந்தை இப்ப மூணரைக் கிலோ. என் ஆறு மாசத் தடை முடிஞ்சுபோச்சு. மாப்பிள்ளை கார் சாவியைக் கையில கொடுத்தார், கடைக்குப் போயிட்டு வாங்கோன்னு. வாங்கிண்டேன். உள்ள உக்காந்தேன். பெல்ட் போட்டுண்டேன். தெருவுல ஒரு வண்டி இல்லை. ஆனா எடுக்க முடியலை. இறங்கி வந்துட்டேன். உங்களுக்குச் சொல்லணும்னு தோணித்து, அவ்வளவுதான்."

கவின்ராஜ் அதை இரண்டு முறை கேட்டார். பதில் சொல்லப் பொத்தானை அழுத்திப் பிடித்தார். பயந்து நிற்கும் ஓட்டுநரிடம் சொல்ல அவருக்குத் தெரிந்தது 'வாங்க, நான் இருக்கேன்' என்ற ஒன்றே ஒன்றுதான், அதை அவர் ஏற்கெனவே அந்தம்மாவிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். விரலை எடுத்தார். இரண்டு நொடிச் செய்தி ஒன்று, டீக்கடைச் சத்தத்தோடு, அதுவாகவே போய்விட்டது.

ஐந்தாவது வேன்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "போலாமாண்ணா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு வழி தெரியுதான்னு பாருங்க. பார்த்துட்டு நீங்களே எடுங்க" என்றார் கவின்ராஜ்.